சூரியன் எவ்வளவு சூடு? ஒரே கேள்விக்கு ஏன் இத்தனை பதில்கள்

மின்னல் சூரியனைவிட ஐந்து மடங்கு சூடானது என்று ஒரு செய்தி வருகிறது. ஆய்வகத்தில் உருவாக்கிய 'செயற்கைச் சூரியன்' நிஜச் சூரியனைவிட ஆறேழு மடங்கு சூடாக இருந்தது என்று இன்னொரு செய்தி. பத்து லட்சம் டிகிரி சூட்டுக்குள் புகுந்த விண்கலம் உருகாமல் வெளியே வந்தது என்று மூன்றாவது.

தனித்தனியாகப் படித்தால் பிரச்சினை இல்லை. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கணக்கு இடிக்கிறது. மின்னலின் வெப்பநிலை சுமார் 30,000 டிகிரி. செயற்கைச் சூரியனுடையது 10 கோடி டிகிரி. இரண்டையுமே சூரியனைப் போல 'சில மடங்கு' என்று சொல்ல முடிகிறது என்றால், சூரியனின் சூடுதான் எவ்வளவு?

மூன்று செய்திகளும் சரிதான். ஒவ்வொன்றும் சூரியனின் வெவ்வேறு இடத்தைச் சொல்கிறது, எந்த இடம் என்பதைத் தலைப்பில் விட்டுவிடுகிறது. மேற்பரப்பு என்றால் 5,500 டிகிரி செல்சியஸ். மையம் என்றால் ஒன்றரைக் கோடி. வெளிவளிமண்டலம் என்றால் பத்து முதல் இருபது லட்சம். இந்த மூன்றாவது எண்தான் விசித்திரமானது, அதற்குக் கடைசியில் வருவோம்.

வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் மேலே போனால் எந்த எண்ணும் புரியாது.

வெப்பநிலை என்பது ஒரு பொருளில் உள்ள துகள்கள் சராசரியாக எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதன் அளவு. வெப்பம் என்பது அந்தத் துகள்கள் எல்லாம் சேர்ந்து இன்னொன்றுக்குக் கைமாற்றும் ஆற்றல். முதலாவதற்குத் துகளின் வேகம் முக்கியம். இரண்டாவதற்குத் துகள்களின் எண்ணிக்கையும் முக்கியம்.

கத்தியைச் சாணை பிடிக்கும்போது தெறிக்கும் பொறியைப் பாருங்கள். மஞ்சளாக ஒளிர்கிறது என்றால் அதன் சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல். புறங்கையில் விழுந்தால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். ஒரு குவளை கொதிநீரோ வெறும் 100 டிகிரி. அது கையில் கொட்டினால் தோல் உரிந்துவிடும். பொறிக்கு வெப்பநிலை அதிகம், நீருக்கு வெப்பம் அதிகம்.

அப்புறம் அலகு. வானியலாளர்கள் கெல்வினில் எழுதுவார்கள். செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின். சூரியனின் மேற்பரப்பு 5,772 கெல்வின், அதாவது ஏறத்தாழ 5,500 செல்சியஸ். லட்சம், கோடி என்று போகும்போது இந்த 273 ஒரு பொருட்டே இல்லை.

மேற்பரப்பு என்று ஒன்று இருக்கிறதா

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. சூரியன் முழுக்க வாயு. இன்னும் சரியாகச் சொன்னால் எலெக்ட்ரான்கள் கழன்று போன பிளாஸ்மா. கால் வைக்க ஒரு தரை கிடையாது. நாம் மேற்பரப்பு என்பது, உள்ளிருந்து வரும் ஒளி தடையில்லாமல் வெளியே தப்பும் உயரத்தை. அதற்குக் கீழே வாயு ஒளி ஊடுருவாத மூட்டம், அதற்கு மேலே கண்ணாடி போலத் தெளிவு. ஒளிமண்டலம் என்று பெயர். சில நூறு கிலோமீட்டர் தடிமன்தான். சூரியனின் ஆரம் 6,95,700 கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு படலம்.

இந்தப் படலத்துக்குள்ளேயே சூடு ஒரே மாதிரி இல்லை. அடியில் 6,000 டிகிரியைத் தாண்டும், மேல் விளிம்பில் 4,000 சொச்சத்துக்கு இறங்கும். இதை நம்மால் பார்க்கவே முடியும். சிறு தொலைநோக்கியின் வழியாகச் சூரியனின் பிம்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழவைத்தால் (கண்ணை மட்டும் தொலைநோக்கியில் வைத்துவிடக் கூடாது, பார்வையே போய்விடும்) வட்டத்தின் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரம் மங்கலாகவும் தெரியும். நடுவில் நம் பார்வை நேராக இறங்கி, ஆழமான சூடான அடுக்கைத் தொடுகிறது. ஓரத்தில் சாய்வாகப் போவதால் மேலே இருக்கும் ஆறின அடுக்கோடு நின்றுவிடுகிறது. தாளில் விழும் அந்த ஓர மங்கலே ஒரு வெப்பமானி.

தாளில் சில கறுப்புப் புள்ளிகளும் தெரியலாம். கரும்புள்ளிகள் என்பவை உண்மையில் கறுப்பு இல்லை. வலுவான காந்தப்புலம் கீழிருந்து சூடான வாயு ஏறிவருவதைத் தடுத்துவிட்ட இடங்கள் அவை. அங்கே சுமார் 3,500 டிகிரி. கெல்வின் கணக்கில் வெப்பநிலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பக்கத்தில் இருப்பது கண்ணைக் கூசவைப்பதால் இது கறுப்பாகத் தோன்றுகிறது. உலோகங்களில் கடைசியாக உருகும் டங்ஸ்டனின் உருகுநிலை 3,422 டிகிரி. ஆக, சூரியனின் 'குளிர்ந்த' புள்ளியிலேயே டங்ஸ்டன் நிற்காது.

போகாமலே அளந்தது எப்படி

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சூரியனின் சூடு பற்றிச் சொல்லப்பட்ட மதிப்புகள் 1,800 டிகிரியில் தொடங்கி 1.3 கோடி டிகிரி வரை பரவிக் கிடந்தன. அளவீட்டில் இவ்வளவு பெரிய பிழை இல்லை. வந்து சேரும் வெப்பத்தைக் கருவி வைத்து ஓரளவு அளந்துவிட்டார்கள். அதை வெப்பநிலையாக மாற்றும் விதிதான் தெரியவில்லை.

1879இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசஃப் ஸ்டெஃபான் அந்த விதியைக் கண்டார். ஒரு பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு, அதன் கெல்வின் வெப்பநிலையை நான்கு முறை பெருக்கிய அளவில் கூடும். வெப்பநிலை இரட்டித்தால் கதிர்வீச்சு 16 மடங்கு. விதி கையில் கிடைத்ததும் அவர் செய்த கணக்கு, இன்று பார்த்தாலும் அழகு:

1. சொரே என்ற ஆய்வாளர் ஒரு உலோகத் தகட்டை 1,900 முதல் 2,000 டிகிரி வரை பழுக்கக் காய்ச்சி, வானில் சூரியன் தெரியும் அதே அளவில் தெரியுமாறு தூரத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தார். சூரியனிடமிருந்து வருவது தகட்டைப் போல 29 மடங்கு.
2. வழியில் நம் காற்று மண்டலம் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது என்று ஸ்டெஃபான் எடுத்துக்கொண்டார். அதைச் சேர்த்தால் 29 என்பது 43.5 ஆகிறது.
3. 43.5-இன் நான்காம் மூலம் 2.57. ஆக, சூரியன் தகட்டைவிட 2.57 மடங்கு சூடு.
4. தகட்டுக்கு நடுவாக 1,950 டிகிரி, அதாவது சுமார் 2,220 கெல்வின். பெருக்கினால் 5,700 கெல்வின்.

இன்றைய மதிப்பு 5,772. ஒரு பழுத்த தகடும் ஒரு ஊகமும் வைத்து நூற்றுக்கு ஒன்றரைப் பிழைக்குள் வந்துவிட்டார். தொடக்க அளவில் கொஞ்சம் தவறு இருந்தாலும் நான்காம் மூலம் அதை அமுக்கிவிடும். விதியே அவருக்குக் கைகொடுத்தது.

இன்று செயற்கைக்கோள்கள் காற்று மண்டலத்துக்கு வெளியே நின்று அளக்கின்றன. பூமியின் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட். பூமி இருக்கும் தூரம் சூரிய ஆரத்தைப் போல 215 மடங்கு. 215-ஐ 215-ஆல் பெருக்கி, அதை 1,361-ஆல் பெருக்கினால், சூரியனின் மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 6.3 கோடி வாட் உமிழ்வது தெரியும். அதை ஸ்டெஃபான் விதியில் போட்டால் 5,772 வரும். பள்ளிக்கூடக் கால்குலேட்டரே போதும்.

நிறமும் இதையே சொல்கிறது. இந்த வெப்பநிலையில் உள்ள பொருளின் ஒளி 500 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் தொடும். அது பச்சை. அப்படியானால் சூரியன் ஏன் பச்சையாக இல்லை? மற்ற நிறங்களும் கிட்டத்தட்ட அதே அளவில் கலந்து வருவதால். எல்லாம் சேர்ந்தால் வெள்ளை. விண்வெளியிலிருந்து பார்க்கும்போது சூரியன் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

உள்ளே போகப் போக

மேலிருந்து கீழே இப்படி:

1. வெப்பச்சலன மண்டலம். ஆரத்தில் மேல் 30 சதவீதம். உலைநீர் போலக் கொதித்துப் புரளும் பகுதி. சூடான வாயு ஏறுகிறது, ஆறினது இறங்குகிறது. அடியில் சுமார் 20 லட்சம் டிகிரி.
2. கதிர்வீச்சு மண்டலம். இங்கே வாயு புரள்வதில்லை, ஒளிதான் ஆற்றலைச் சுமக்கிறது. ஆனால் நேராகப் போக முடியாது. ஒவ்வொரு துளி தூரத்திலும் ஏதாவது ஒரு துகளில் மோதித் திசை மாறுகிறது. மையத்தில் பிறந்த ஆற்றல் மேலே வந்து சேரப் பல்லாயிரம் ஆண்டுகள், சில கணக்குகளின்படி ஒரு லட்சத்துக்கும் மேல். வெளியே வந்த பிறகு பூமிக்கு எட்டு நிமிடம் 20 விநாடி.
3. மையம். ஆரத்தில் உள் கால்பங்கு. நடுவில் சுமார் 1.57 கோடி டிகிரி. அடர்த்தி நீரைப் போல 150 மடங்கு, தங்கத்தைப் போலக் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. இருந்தாலும் அது திண்மம் இல்லை, வாயுவைப் போலவே நடந்துகொள்ளும் பிளாஸ்மா.

மையத்தில் நடப்பது எரிதல் இல்லை. 'எரியும் சூரியன்' என்பது பேச்சுக்கு. எரிய ஆக்சிஜன் வேண்டும், இங்கே நடப்பது அணுக்கரு இணைவு. நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் படிப்படியாகச் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகின்றன. சேரும்போது நிறையில் 0.7 சதவீதம் குறைகிறது, அந்தக் குறைவுதான் ஆற்றலாகிறது. ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது.

இந்த எண்ணைக் கேட்டால் மையம் ஓயாமல் வெடிக்கும் குண்டு என்று தோன்றும். நிஜம் நேர்மாறானது. மையத்தில் ஒரு கனமீட்டர் இடம் உண்டாக்கும் ஆற்றல் முந்நூறு வாட்டுக்கும் கீழே, மக்கும் உரக்குவியல் ஒன்றின் சூட்டுக்கு நிகர். அதே கன அளவுக்குக் கணக்கிட்டால் மனித உடல் இதைவிடப் பல மடங்கு வெப்பம் தருகிறது. இணைவு அவ்வளவு மந்தம். மையத்தில் இருக்கும் ஒரு புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அணுக்கரு, இன்னொன்றோடு இணையச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கும். அப்படியிருந்தும் சூரியன் ஜொலிப்பது அதன் பருமனால். உள்ளே உண்டாகும் சொற்ப வெப்பமும் எளிதில் தப்பிக்க வழியில்லாமல் தேங்கிக் கிடக்கிறது.

ஒன்றரைக் கோடி என்பதை யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்பது நியாயம். ஈர்ப்பு உள்ளே அழுத்துகிறது, சூடான வாயு வெளியே தள்ளுகிறது, சூரியன் சரிந்துவிடாமல் நிற்க மையம் இவ்வளவு சூடாக இருந்தாக வேண்டும். இது கணக்கு. சாட்சி நியூட்ரினோக்கள். இணைவில் பிறக்கும் இந்தத் துகள்கள் எதிலும் மோதாமல் இரண்டே விநாடியில் சூரியனைக் கடந்துவிடும். அவற்றில் ஒரு வகையின் எண்ணிக்கை மைய வெப்பநிலையைப் பொறுத்துத் தாறுமாறாக மாறும். வெப்பநிலை ஒரு சதவீதம் கூடினால் எண்ணிக்கை ஏறத்தாழ கால் பங்கு கூடும். இதைவிடக் கூர்மையான வெப்பமானி கிடைக்காது.

ஆனால் 1960களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் ரேமண்ட் டேவிஸ் எண்ணத் தொடங்கியபோது, எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் சிக்கியது. மையம் நினைத்ததைவிடக் குளிர்ந்ததா என்று கூடச் சிலர் கேட்டார்கள். முப்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2001-02இல், கனடாவின் சட்பரி ஆய்வகம் முடிவு சொன்னது. நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறிக்கொள்கின்றன. டேவிஸின் கருவி ஒரு வகையை மட்டுமே பார்த்தது. எல்லா வகையையும் கூட்டினால் கணக்கு சரியாக இருந்தது. மையத்தின் வெப்பநிலை தப்பித்தது, நியூட்ரினோவைப் பற்றிய பாடம்தான் மாற்றி எழுதப்பட்டது.

வெளியே போனால் ஏன் சூடு ஏறுகிறது

அடுப்பை விட்டு விலகினால் சூடு குறைய வேண்டும். ஒளிமண்டலத்துக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் வரை சூரியனும் அப்படித்தான், 4,000 டிகிரிப் பக்கம் இறங்குகிறது. அதற்கு மேல் போக்கு திரும்பிவிடுகிறது. ஒளிமண்டலத்தை அடுத்துள்ள நிறமண்டலத்தில் இருபதாயிரம் டிகிரி வரை ஏறி, பிறகு ஒரு மெல்லிய அடுக்குக்குள் செங்குத்தாக எகிறி, வெளிவளிமண்டலமான கொரோனாவில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. முழுக் கிரகணத்தின்போது கறுத்த வட்டத்தைச் சுற்றி வெள்ளி இழைகளாகத் தெரிவது இந்தக் கொரோனாதான்.

1869 கிரகணத்தில் அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையில் யாருக்கும் தெரியாத ஒரு பச்சைக் கோடு தென்பட்டது. புதுத் தனிமம் என்று நினைத்து 'கொரோனியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, 1940ஐ ஒட்டி, வால்டர் குரோட்ரியானும் பெங்ட் எட்லேனும் அது வெறும் இரும்பு என்று காட்டினார்கள். ஆனால் தன் 26 எலெக்ட்ரான்களில் 13ஐ இழந்த இரும்பு. இரும்பை அப்படி உரிக்கப் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வேண்டும்.

எது அவ்வளவு சூடாக்குகிறது என்பதில் இன்னும் முடிவான பதில் இல்லை. காந்தப்புலம்தான் ஆற்றலை மேலே கொண்டுபோகிறது என்பதில் சண்டை இல்லை. எப்படி என்பதில்தான் இரண்டு கட்சி. ஹன்னஸ் ஆல்வேன் 1942இல் சொன்ன காந்த அலைகள் மேலே வந்து உடைந்து சூடாக்குகின்றன என்பது ஒன்று. முறுக்கிப் பின்னிய காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டும்போது எண்ணற்ற குட்டி வெடிப்புகள் நிகழ்கின்றன என்று யூஜீன் பார்க்கர் சொன்னது மற்றொன்று. இரண்டுக்கும் பங்கு இருக்கும் என்றே இப்போது பலரும் நினைக்கிறார்கள். 2024 ஜனவரியில் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 விண்கலத்தில் உள்ள ஒரு கருவியும், சூரிய வட்டை ஒரு தகடால் மறைத்து இந்தக் கொரோனாவைத்தான் பார்க்கிறது.

பார்க்கர் பெயர் தாங்கிய நாசா விண்கலம் 2018இல் கிளம்பி, 2021இல் முதன்முறையாகக் கொரோனாவுக்குள் நுழைந்தது. 2024 டிசம்பர் 24 அன்று மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கியது. அது ஏன் உருகவில்லை? சாணைப் பொறி நினைவிருக்கட்டும். கொரோனா நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் மெலிந்தது. துகள்களின் வேகம் பயங்கரம், வந்து மோதுபவை சொற்பம். கலத்தை உண்மையில் சுடுவது கொரோனா இல்லை, 5,500 டிகிரி ஒளிமண்டலத்திலிருந்து வரும் வெளிச்சம். அந்தத் தூரத்தில் அது பூமியில் படுவதைப் போல 450 மடங்குக்கும் மேல். அதைத் தாங்க முன்னால் ஒரு கார்பன் கேடயம், 11 சென்டிமீட்டர் சொச்சம் தடிமன். கேடயத்தின் முகம் ஆயிரம் டிகிரியை நெருங்கும்போது, பின்னால் நிழலில் உள்ள கருவிகள் சாதாரண அறை வெப்பத்தில் இருக்கும்.

தலைப்புச் செய்திகளின் கணக்கு

மின்னல் ஒப்பிடப்படுவது மேற்பரப்போடு: 30,000-ஐ 5,772-ஆல் வகுத்தால் ஐந்து. அதுவும் விரலளவு தடிமனுள்ள ஒரு பாதையில், இமைப்பொழுதுக்கும் குறைவாக.

செயற்கைச் சூரியன் ஒப்பிடப்படுவது மையத்தோடு: 10 கோடியை 1.5 கோடியால் வகுத்தால் ஆறேழு. தென்கொரியாவின் கேஸ்டார் என்ற இணைவு உலை இந்தச் சூட்டை 48 விநாடி தாங்கியது. சூரியனுக்கு ஒன்றரைக் கோடியே போதும் என்றால் இங்கே ஏன் 10 கோடி? சூரியனிடம் இருப்பது நம்மிடம் இல்லை என்பதால்தான். அதன் மையத்தில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல 25,000 கோடி மடங்கு. உலைக்குள் இருக்கும் பிளாஸ்மாவோ ஒரு கிராம்கூடத் தேறாது. நெருக்கடி இல்லாத இடத்தில் வேகத்தைக் கூட்டித்தான் அணுக்கருக்களை மோதவிட வேண்டும். தவிர, உரக்குவியலின் வேகத்தில் நடக்கும் இணைவால் மின்நிலையம் நடத்த முடியாது. ஆகவே 'சூரியனைவிடச் சூடு' என்பது பெருமைக்குச் சொல்லும் சாதனை மட்டும் இல்லை, வேறு வழி இல்லாததன் விளைவு.

வெயில் கூடிக்கொண்டே போவதற்குச் சூரியன்தான் காரணமா

இல்லை. சூரியன் தரும் ஆற்றல் பதினோரு ஆண்டுச் சுழற்சியில் 0.1 சதவீதம்தான் ஏறி இறங்குகிறது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் விடாமல் அளக்கின்றன. பூமி சூடாகிக்கொண்டே வந்த இந்தக் காலத்தில் சூரியன் அப்படி ஏறவில்லை. சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். கீழ் அடுக்கு சூடாகிறது, மேலே உள்ள அடுக்குமண்டலம் குளிர்கிறது. கரியமில வாயு வெப்பத்தைக் கீழே பிடித்துவைக்கும்போதுதான் இப்படி நடக்கும்.

'சூரியப் புயல் வருகிறது' என்ற செய்தியைப் பார்த்து வெயில் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. சூரிய வெடிப்பில் வாயு ஒரு கோடி டிகிரியைத் தாண்டுவது உண்மை. தரையில் உள்ள வெப்பமானிக்கு அது தெரியாது. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் தெரியும். அங்கே உள்ள காற்று சாதாரண நாளிலேயே நூற்றுக்கணக்கான டிகிரி, சில சமயம் ஆயிரத்துக்கும் மேல். மெலிந்து கிடப்பதால் யாரையும் சுடுவதில்லை. புயலில் அது இன்னும் சூடேறி உப்பும். 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் இப்படி உப்பிய காற்றில் மாட்டின. புயல் பெரிதும் இல்லை, நடுத்தரம்தான். ஆனாலும் எதிர்பார்த்ததைவிட அடர்ந்த காற்றின் இழுவையில் 38 கலங்கள் உயரம் இழந்து, திரும்பி விழுந்து எரிந்துபோயின.